இடுப்பில் ஒரு மடக்குக் கத்தி

பத்து வருடமாக ஸ்கூட்டியில் ஏறும்போதெல்லாம் என் இடுப்பில் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். உள்ளங்கை நீளம்தான். தடித்த தோலில் தைத்த சின்ன உறை, மூடுவதற்கு ஒரு அழுத்துப் பொத்தான். புடவை கட்டும் நாட்களில் வலப்பக்கம் பாவாடை நாடாவில் கோர்த்துக்கொள்வேன். பள்ளிக்குப் போனதும் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடுவேன். மாலையில் வண்டிச் சாவியை எடுக்கும்போது அதையும் எடுப்பேன்.

பாடம் நடத்துகிற பெண்ணுக்குக் கத்தி எதற்கு என்று கேட்டவர்களிடம், தனியாகப் போய்வருகிறேன், ஒரு பாதுகாப்புக்கு என்று சொல்லியிருக்கிறேன். எல்லோரும் நம்பினார்கள். அது பொய்.

அப்போது பெரம்பலூரில் குடியிருந்தோம். எனக்கு அரியலூர்ப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் வேலை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போய்வர வேண்டிய சாலை. ஓரத்துப் புளியமரங்கள்கூட வெளுத்துப்போய்த்தான் நிற்கும். ஒரு வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்து திரும்பிக்கொண்டிருந்தேன். பேரளிக்குக் கொஞ்சம் முன்னால் எனக்கு முன்னே ஒரு பைக் போனது. ஓட்டுபவரின் முன்னால், டாங்க்கின் மேல், மூன்று வயது இருக்கும், ஒரு பெண் குழந்தை. பின்னால் அவர் மனைவி ஒருக்களித்து உட்கார்ந்திருந்தார். பச்சைத் துப்பட்டா. அதன் ஒரு முனை காற்றில் பின்சக்கரத்தின் பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது.

நான் அதைப் பார்த்தேன். ஹாரன் அடித்துச் சொல்ல வேண்டும் என்றும் நினைத்தேன். எதிரே ஒரு டிப்பர் வந்தது. அது தாண்டட்டும் என்று வேகத்தைக் குறைத்தேன். அது தாண்டியபோது பைக் கீழே கிடந்தது.

துப்பட்டாவின் முனையைச் சங்கிலிச் சக்கரம் இழுத்துக்கொண்டுவிட்டது. மற்ற முனை அந்தப் பெண்ணின் கழுத்தில் இரண்டு சுற்றாக இருந்தது. குழந்தைக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். சாலையோரம் எழுந்து நின்றுகொண்டு அழுதது. நான் ஓடிப்போய் அந்தப் பெண்ணின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். கழுத்துக்கும் துணிக்கும் நடுவே விரல் நுழையவில்லை. அவர் கணவர் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றிப் பார்த்தார், அசையவில்லை. "அறுங்க, யாராச்சும் அறுங்க" என்று கத்தினார். என் கையில் வண்டிச் சாவிதான் இருந்தது. அதன் பல்லை வைத்துத் தேய்த்தேன். வாயால் கடித்தும் இழுத்தேன். நைலான் கலந்த துணி. இழுக்க இழுக்க இறுகியதே தவிர ஒரு இழைகூட விடவில்லை.

ஒரு லாரிக்காரர் ஸ்பானரோடு இறங்கி வந்து சங்கிலி மூடியைக் கழற்றப் பார்த்தார். கடைசியில், மக்காச்சோளக் காட்டுக்கு அப்பால் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி சத்தம் கேட்டுக் கருக்கரிவாளோடு ஓடிவந்தாள். ஒரே இழுப்பு. துணி விட்டது. பிறகு ஆம்புலன்ஸ் வந்தது. எல்லாம் கால் மணி நேரம் இருக்கும். கணவரும் குழந்தையும் அதிலேயே ஏறிக்கொண்டார்கள். அவர்கள் யார், எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அந்த இடத்தில் வண்டியை நிறுத்தினேன். புல் அறுத்த பெண் என்னை அடையாளம் கண்டு வரப்பிலிருந்தே சொன்னாள். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளயே முடிஞ்சுபோச்சாம்மா."

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது வேறொன்று. வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வந்ததும் டிபன் பாக்ஸை எடுக்கக் கைப்பையைக் கவிழ்த்தேன். டிபன் பாக்ஸோடு ஒரு காகிதப் பொட்டலம் விழுந்தது. பிரித்துப் பார்த்தேன். பாதி பிளேடு. அன்று மதியம் ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி அதை வைத்துப் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். "கைய வெட்டிக்குவ, குடு இங்க" என்று அதட்டி வாங்கி, காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போட்டது நான்தான். விபத்து நடந்தபோது அந்தப் பை என் ஸ்கூட்டியின் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி ஐந்தடி தூரத்தில் நின்றது.

சமையலறையில் நின்றபடியே அந்தப் பாதி பிளேடால் என் துப்பட்டா ஒன்றை அறுத்துப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி போயிற்று.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, கணவரிடம்கூட. விபத்தைப் பார்த்ததை மட்டும் சொன்னேன். அவர் என் தலையைத் தடவிக்கொடுத்து, "நீ என்ன பண்ண முடியும், விடு" என்றார். அந்த வார்த்தையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த வாரம் பழைய பேருந்து நிலையம் பக்கத்து ஹார்டுவேர் கடைக்குப் போய்க் கத்தி கேட்டேன்.

"காய் நறுக்கவாம்மா?" என்றார் கடைக்காரர்.

"துணி அறுக்க."

"அதுக்குக் கத்திரி இருக்கே."

"ஒரு கையால தொறக்கணும். நைலான் துணிய ஒரே இழுப்புல அறுக்கணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, உள்ளேயிருந்து பாதி அலகில் பல் வைத்த இந்தக் கத்தியை எடுத்துக் கொடுத்தார். பைக்குள் வைத்தால் மறந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். உடம்பில் இருக்க வேண்டும். அதனால் செருப்பு தைப்பவர் ஒருவரிடம் உறை தைத்து வாங்கினேன். அந்தக் கத்தியால் ஒரு கொய்யாப்பழம்கூட நறுக்கியதில்லை. கல்யாண வீட்டில் பார்சல் கயிறு அறுக்கக் கேட்டார்கள், தரவில்லை. கூர் மழுங்கிவிடும் என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கணவர் வெளியே போன பிறகு, பழைய துப்பட்டாக்களை ஸ்கூட்டியின் பின்சக்கரத்தில் சுற்றி இறுக்குவேன். மறுமுனையை ஒரு தலையணையில் சுற்றுவேன். பிறகு உறையைத் திறந்து, கத்தியை விரித்து, அறுப்பேன். கழுத்துப் பக்கம் கத்தியைக் கொண்டுபோகக் கூடாது, சக்கரத்தின் பக்கம் அறுக்க வேண்டும் என்பதெல்லாம் அப்படித்தான் பிடிபட்டது. ஒருநாள் அவர் சீக்கிரம் திரும்பிவிட்டார். முற்றத்தில் கந்தலாகக் கிடந்த துப்பட்டாக்களையும் தலையணையையும் என் கையில் இருந்த கத்தியையும் பார்த்தார்.

"என்னம்மா பண்ற?"

"சும்மா."

அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "திருச்சில ஒரு டாக்டர் இருக்காராம். ஒருதடவ போயி பேசிட்டு வருவமா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் துணிகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

சாலையில் பறக்கும் துணி எதைக் கண்டாலும் துரத்திப் போனேன். "துப்பட்டா! துப்பட்டாவப் புடிங்க!" என்று கத்தியிருக்கிறேன். சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர் வண்டியை நிறுத்தி, "ஒனக்கு என்னா வேணும்?" என்று சண்டைக்கு வந்தார். பேரளியை நெருங்கும்போது மட்டும் என் வண்டி கனக்கும். பின்னால் யாரோ ஒருக்களித்து உட்கார்ந்திருப்பதுபோல ஒரு பக்கமாகச் சாயும். டயரில் காற்று இல்லையோ என்று இறங்கிப் பார்த்திருக்கிறேன். காற்று இருக்கும்.

ஐந்து வருடம் அந்தச் சாலையில் போனேன். அதற்குமேல் முடியவில்லை. உடல்நிலை காரணம் என்று எழுதி மாறுதல் கேட்டேன். அலைந்து பார்த்தும் நடக்காமல், கடைசியில் திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டர் ஆபீஸுக்கே போனேன். மண்ணெண்ணெய் கொண்டுவருகிறார்களா என்று வாசலில் எல்லோரையும் சோதித்தார்கள். இடுப்பில் கத்தி இருப்பதே எனக்கு நினைவில்லை. பெண் போலீஸின் கைக்கு அது தட்டுப்பட்டது.

"என்ன டீச்சர், கத்தியோட வந்து மனு குடுக்குறீங்க?"

"வண்டில போறப்ப யாருக்காச்சும் துப்பட்டா சக்கரத்துல மாட்டிக்கிட்டா அறுக்கறதுக்குங்க."

சிரிக்கப் போனவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "எங்க சித்திக்கும் பொடவ இப்புடி மாட்டித்தான் முட்டியே போச்சு" என்றார். கத்தியை மேசையில் வைத்துக்கொண்டு, திரும்பி வரும்போது அவரே எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த கலந்தாய்வில் செட்டிகுளம் பக்கத்தில் ஒரு பள்ளி கிடைத்தது. சின்ன வெங்காயம் விளைகிற பூமி. மலைக்கோயில் தெரிகிற வகுப்பறை. அரியலூர்ச் சாலை அங்கிருந்து எங்கோ தள்ளி இருந்தது. தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அங்கே போன மூன்றாவது வருடம் ஆறாம் வகுப்பில் ஒரு பெண் சேர்ந்தாள். துறுதுறுவென்று பேசுவாள். "எங்கம்மா இல்ல டீச்சர், அப்பா மட்டுந்தான்" என்று வருகைப் பதிவுக்குப் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். எதில் வருகிறாய் என்று கேட்டதற்கு, "பஸ்ல. எங்கப்பா பைக்க வித்துட்டாரு, எங்க போனாலும் பஸ்தான்" என்றாள். எனக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு அவள் அப்பா வந்தார். வெங்காயம் போடுகிற விவசாயி. கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகும் வாசற்படியிலேயே நின்றார்.

"டீச்சர், நீங்க முன்னாடி அரியலூர் ரோட்டுல ஸ்கூட்டில போவீங்களா?"

நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்கதான். அவ தலைய மடியில வச்சிருந்தீங்க. உங்களத் தேடி ரெண்டு தடவ அந்த எடத்துக்கு வந்தேன், யாருன்னு தெரியல. ஒரு நன்றி சொல்லணும்னு..." அவர் கைகூப்பினார்.

"கும்பிடாதீங்க" என்றேன். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. "அன்னிக்கு எங்கிட்ட ஒரு பிளேடு இருந்துச்சுங்க. புள்ளைங்கட்ட வாங்கிப் பையில போட்டது. எனக்கு ஞாபகம் வரல. வீட்டுக்குப் போனதுக்கப்புறந்தான் பாத்தேன்."

அவருக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு புரிந்தது. "பை எங்க இருந்துச்சு?" என்றார்.

"ஸ்கூட்டில."

"ஸ்கூட்டி எங்க நின்னுச்சு?"

"பக்கத்துலதான்."

கூப்பிய கை எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. படியிறங்கிப் போய்விட்டார்.

மூன்று நாள் அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. நான் வகுப்புக்குள் போகும்போதெல்லாம் அவள் இடத்தைப் பார்க்காமல் கரும்பலகைக்குத் திரும்பினேன். நாலாம் நாள் அப்பாவும் மகளும் வந்தார்கள். அவளை உள்ளே அனுப்பிவிட்டு அவர் வேப்பமரத்தடியில் நின்றார். நானே போனேன்.

"மூணு நாளா உங்களத் திட்டிக்கிட்டே இருந்தேன் டீச்சர். மனசுக்குள்ளதான். புள்ளைய வேற பள்ளிக்கூடத்துல சேத்துடலாம்னுகூட நெனச்சேன்."

"அது உங்க இஷ்டங்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"இல்ல." அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னிக்குக் கெளம்பறப்பவே அவ சொன்னா, 'ஒரு நிமிஷம் நிறுத்துங்க, துப்பட்டாவ முடிஞ்சுக்கறேன்'னு. ரெண்டு தடவ சொன்னா. நான்தான், மேகம் கூடுது, வூட்டுல போயி முடிஞ்சுக்கன்னேன். இத நான் யார்ட்டயும் சொன்னதில்ல. அவளப் பெத்தவங்கட்டகூட."

உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும் சத்தம் கேட்டது.

"கடைசில அவ முகத்த நான் பாக்கவே இல்ல டீச்சர். சக்கரத்தத்தான் பாத்துட்டு இருந்தேன். ஏதாச்சும் சொன்னாளா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவர் அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டியிருப்பார். ஆனால் ஏற்கெனவே அவரிடம் உண்மையைச் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

"பேச முடியலைங்க. ஆனா கண்ணு ஒரே எடத்துலதான் இருந்துச்சு, பாப்பா நின்ன எடத்துல. 'பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல, நல்லாருக்கா'ன்னு காதுகிட்ட சொன்னேன். ஒரு தடவ கண்ண மூடித் தொறந்தாங்க."

அவர் மரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வெங்காயம் காயப்போட்டிருக்கேன், போகணும்" என்று கிளம்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவரிடம் பிளேடைப் பற்றிச் சொன்னேன். அவர் கையில் இருந்த தேநீர் ஆறிப்போகும்வரை கேட்டார். "இத்தன வருஷமா இத நீ மட்டுமா வச்சிருந்த?" என்றார். அடுத்த வாரம் இருவரும் திருச்சிக்குப் போனோம். இப்போது முற்றத்தில் துணி அறுப்பதில்லை. கத்தி மட்டும் இருக்கிறது. அதை ஒருநாளும் ஒரு கழுத்துக்காகத் திறக்க நேர்ந்ததில்லை.

அந்தப் பெண் இப்போது எட்டாம் வகுப்பு. அவள் அப்பா என்னைப் பார்த்தால் தலையசைப்பார், நின்று பேசமாட்டார். போன மாதம் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தபோது அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"டீச்சர், எங்கம்மாவ உங்களுக்குத் தெரியுமாமே? அப்பா சொன்னாரு."

"கொஞ்சம் தெரியும்."

"எங்க வூட்டுல கல்யாண போட்டோ ஒண்ணுதான் இருக்கு. அதுல பவுடரா அப்பிருக்கு. நெசமா எப்புடி இருப்பாங்க?"

நான் பேனாவை மூடி வைத்தேன். இடது புருவத்துக்கு மேலே ஒரு மச்சம் என்றேன். சிவப்புக் கல் மூக்குத்தி. நெற்றியில் முடி உன்னுடையது மாதிரியே சுருண்டிருக்கும். கீழுதட்டில் சின்னதாக ஒரு தழும்பு, சின்ன வயதில் விழுந்ததாக இருக்கும். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் அந்த முகத்தைப் பார்த்தது கால் மணி நேரம். ஆனாலும் அவள் கேட்ட எதற்கும் எனக்குத் தெரியாது என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.