இரண்டு தலைவர்களுக்கு மண்டையப்பம்

மகளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது அந்த யுத்தம் தொடங்கியது. தொடங்குவதற்கு முன் எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால், பிள்ளை பெற்று எழும்பட்டும், அதற்குப் பிறகு உங்கள் இஷ்டம்போல் அடித்துக்கொள்ளுங்கள் என்று என் மனைவி சொல்லியிருப்பாள்.

மகள் வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருமகனுக்கும் அதே ஊரில்தான் வேலை, ஏசி மெக்கானிக். தலைப்பிரசவம் பூதப்பாண்டியில், எங்கள் வீட்டில் என்று முதலிலேயே பேசி முடித்து டிக்கெட்டும் எடுத்தாயிற்று. குளியலறையில் அவள் பிடித்துக்கொள்ள நானே சுவரைத் துளைத்து ஒரு கம்பி மாட்டியிருந்தேன். அப்போதுதான் வான்வழியை மூடிவிட்டார்கள். முப்பத்தாறு வாரம் தாண்டிய கர்ப்பிணியை விமானத்தில் ஏற்ற மாட்டார்களாம். அவளுக்கு அன்றைக்கு முப்பது. சமையலறைக் காலண்டரில் மனைவி வாரவாரம் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டு வந்தாள். 

நான் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். சண்டை எனக்குப் புதிதல்ல. தென்னை ஓலை கம்பியில் உரசுகிறது, அது உன் மரம், இல்லை உன் மரம் என்று இரண்டு வீட்டுக்காரர்கள் வெட்டுக்கத்தியோடு நிற்பார்கள். நான் எந்தப் பக்கமும் பேச மாட்டேன். இரண்டு வீட்டு ஃபியூஸையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவேன். இரண்டு மணி நேரப் புழுக்கத்தில் இருவரும் ஒன்றாகச் சேர்ந்து என்னைத் திட்டிக்கொண்டு ஆபீசுக்கு வருவார்கள். சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தம். இந்த இரண்டு தலைவர்களின் ஃபியூஸைப் பிடுங்க உலகத்தில் ஒரு லைன் இன்ஸ்பெக்டர் இல்லாமல் போனதுதான் என் ஆத்திரம்.

ஆத்திரத்தை நான் டிவியிடம் காட்டினேன். ஒரு தலைவர் விரலை நீட்டி நீட்டிப் பேசுவார். இன்னொருவர் மேசையைக் குத்திப் பேசுவார். இருவருக்கும் என் வயதுக்கு மேல். பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு வர வேண்டிய வயது. "வெளங்காத பயலுவளா, எனக்க பிள்ளை அங்க நிக்கால்லா" என்று நான் கத்துவேன்.

"நீங்க இங்கன கெடந்து தொண்டையக் கீறினா அவனுக்குக் கேக்குமா? டிவியத்தான் உடைக்கப் போறிய" என்பாள் மனைவி.

நம் நாட்டுத் தலைவர்களும் சும்மா இருக்கவில்லை. ஆழ்ந்த கவலை தெரிவித்தார்கள். தெரிவித்து முடித்ததும் அவர்களுக்குக் கவலை தீர்ந்துபோனது. எங்களுக்குத்தான் தீரவில்லை.

டீக்கடையில் ஊர் இரண்டாகப் பிரிந்திருந்தது. எங்கள் வார்டில் சாக்கடை அடைத்தது யாரால் என்று தெரியாதவர்களெல்லாம் ஏவுகணையின் தூரம் சொன்னார்கள். ஒருவர் உளுந்தவடையை மேசையில் வைத்து, இதுதான் ஜலசந்தி, ஓட்டை வழியாகத்தான் எண்ணெய்க் கப்பல் போக வேண்டும் என்று விளக்கினார். விளக்கம் முடிவதற்குள் பேச்சு மும்முரத்தில் ஜலசந்தியைத் தின்றுவிட்டார். "அப்பம் எனக்க பிள்ளை எந்த வழியா வரும்?" என்று கேட்டேன்.

இதில் பயனில்லை என்று, ஒரு தலைவரின் இணையதளத்தைத் தேடிப் பிடித்து ஆங்கிலத்தில் நேரடியாகவே கடிதம் எழுதினேன். ஆபீஸில் மெமோவுக்குப் பதில் எழுதிப் பழகிய ஆங்கிலம். மகளின் மாதத்தையும், முப்பத்தாறு வாரக் கணக்கையும், அவர் உடனடியாகப் போரை நிறுத்த வேண்டியதன் அவசியத்தையும் மூன்று பத்தியில் எழுதி, தங்கள் உண்மையுள்ள என்று முடித்தேன். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. 'உங்கள் ஆதரவுக்கு நன்றி' என்றிருந்தது. அன்று முதல் தினமும் காலையில், அவருக்கு இன்னும் பலமாக ஆதரவு தரச் சொல்லி எனக்கு ஒரு மெயில் வருகிறது. எப்படி நிறுத்துவது என்று இன்றுவரை தெரியவில்லை.

மகள் தினமும் பேசினாள். "ஒண்ணுமில்லப்பா, சத்தம் மட்டுந்தான். அதும் தூரத்துல" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். நானும் நம்பினேன்.

முப்பத்திரண்டாம் வாரக் கட்டத்தை அடித்த அன்று மனைவி மண்டைக்காட்டு அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். பிள்ளை வந்து சேர பதினொரு வெடி வழிபாடு. இரும்புக் குழாயில் மருந்தை இடித்து நிறைத்து, பேரையும் நட்சத்திரத்தையும் மைக்கில் சொல்லி, திரி கொளுத்துவார்கள். ஊரே அதிரும்.

"ஏட்டி, அங்க குண்டு போடுகத நிறுத்த இங்க வெடி போடுகியா? ஒனக்குக் கிறுக்கா?"

"அம்மனுக்குக் காதுல விழாண்டாமா? நீங்க மெயில் போட்டியளே, என்ன கிழிஞ்சுது?"

அவள் நேர்ச்சை அதோடு முடியவில்லை. தலைவலி உள்ளவர்கள் அந்தக் கோயிலுக்கு மண்டையப்பம் நேர்வது வழக்கம். அரிசி மாவும் சிறுபயறும் வெல்லமும் சேர்த்து, மண்டைபோல் உருட்டி, கோயில் பக்கத்திலேயே அடுப்புக் கூட்டி ஆவியில் அவித்துப் படைப்பார்கள். அவள் இரண்டு தலைவர்களுக்கும் ஆளுக்கு ஒரு மண்டையப்பம் நேர்ந்திருந்தாள். கோளாறு அவர்கள் மண்டையில்தான், அது சரியானால் எல்லாம் சரியாகும் என்பது அவள் கணக்கு. யோசித்துப் பார்த்தால், டிவியில் வந்த நிபுணர்கள் யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

"அவனுவளுக்க நட்சத்திரம் என்னன்னு போன்ல பாருங்க" என்றாள். பார்த்தேன். பிறந்த தேதி இருந்தது, நேரம் இல்லை. நேரம் தெரியாமல் நட்சத்திரம் எப்படிச் சொல்வது என்றேன்.

"கெட்ட நேரம்னு வச்சுக்கிடுங்க."

ஒரு வியாழக்கிழமை காலை, நாகர்கோவிலில் பஸ் மாறி மண்டைக்காடு போய்ச் சேர்ந்தோம். மூன்று செங்கல் கூட்டி அடுப்பு மூட்டும் பொறுப்பு எனக்கு. கடல் காற்றில் தீ பிடிக்கவில்லை. மின்சாரத்தோடு முப்பது வருஷம் வாழ்ந்தவன் ஓலைத் துண்டை ஊதி ஊதிக் கண் எரிந்துபோய் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து அடுப்பில் பொங்கலிட்டுக்கொண்டிருந்த குளச்சல் பக்கத்துப் பெண் இரக்கப்பட்டு ஒரு கொள்ளிக்கட்டை கொடுத்தாள்.

"யாருக்குக்கா தலைவலி?" என்று மனைவியிடம் கேட்டாள்.

"நமக்கெல்லாம் தலைவலி குடுக்கவனுவளுக்கு" என்று மனைவி விவரம் சொன்னாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. அவள் தம்பியும் வளைகுடாவில்தான் மீன்பிடி போட்டில் இருக்கிறானாம். "எனக்கும் சேத்து வேண்டிக்கிடுங்கக்கா" என்று, தன் வெல்லத்தில் ஒரு துண்டை உடைத்து எங்கள் மாவில் போட்டாள்.

இரண்டு மண்டைகளும் ஆவியில் உட்கார்ந்தன. கொஞ்ச நேரம் கழித்து மனைவி ஓர் ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தாள். "மேசைய குத்துகவன் வெந்தாச்சு. விரல நீட்டுகவன் இன்னும் வேகல்ல." எது எவர் என்று அவளுக்கு மட்டும் தெரிந்தது. குச்சியை நானும் வாங்கி, வேகாத மண்டையில் தேவைக்கு மேலேயே குத்தினேன். ஒரு மாதத்தில் அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் மனசு ஆறியது.

படைத்து முடித்ததும் வெடிக்குச் சீட்டு எடுத்தோம். அப்போதுதான் அந்தப் புத்திகெட்ட யோசனை வந்தது. யாருடையது என்பதில் எங்களுக்குள் இன்றும் தர்க்கம் உண்டு. உண்மையைச் சொன்னால் என்னுடையதுதான். தன் பேருக்கு வெடி போடுவதை மகளும் பார்க்கட்டும் என்று வீடியோ கால் போட்டேன். பேரையும் நட்சத்திரத்தையும் மைக்கில் சொல்வதை அவள் கேட்டால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். வெடியை முன்கூட்டிச் சொன்னால் சுவாரசியம் போய்விடும் என்று, "பாரு மக்ளே, ஒரு விசேஷம் காட்டுகேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் திரையில் தெரிந்தது. மைக்கில் உத்திரட்டாதி நட்சத்திரம் என்று சொன்னது காற்றில் போயிற்று. முதல் வெடி வெடித்தது.

திரையில் மகளின் வாய் திறந்தது. கூரை தெரிந்தது. பிறகு ஒன்றும் தெரியவில்லை.

திரும்பக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மருமகனைக் கூப்பிட்டேன். அவனும் எடுக்கவில்லை. இரண்டாவது வெடி வெடித்தது. "அங்க விழுந்தாச்சு, எனக்க பிள்ளைக்க மேல விழுந்தாச்சு" என்று மனைவி மணலில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் அதேதான் தோன்றியது. மூன்று, நான்கு என்று வெடித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொன்றுக்கும் மைக்கில் மகளின் பேரைச் சொன்னார்கள். செத்தவர்களின் பேரை வாசிப்பதுபோல் இருந்தது எனக்கு. அவசரத்தில் நம்பரைத் தவறாக அழுத்தி, வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவரைக் கூப்பிட்டுவிட்டேன். அவரிடமும் அழுதேன்.

ஐந்தாவது வெடிக்குப் பிறகு மருமகனே கூப்பிட்டான். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

"மாமா! நீங்க உயிரோட இருக்கியளா? அத்தை? அங்க என்ன ஆச்சு?"

"இங்க என்ன ஆகும்? அங்க என்ன ஆச்சு?"

"இங்க ஒண்ணுமில்ல. சத்தம் கேட்டதும் இங்கதான்னு ரெண்டு பேரும் மாடிப்படிக்கு ஓடிட்டோம். போனை விட்டுட்டுப் போயாச்சு. அவ அழுகா. குண்டு நம்ம ஊர்ல விழுந்துட்டுன்னு..." அப்போது ஆறாவது வெடித்தது. "மாமா! இன்னொண்ணு! குனிங்க மாமா!"

நான் குனிந்தேன். அவன் சொன்ன விதத்தில் யாராக இருந்தாலும் குனிந்திருப்பார்கள். குனிந்த பிறகுதான் விஷயம் விளங்கியது. இது நம்ம வெடி மக்கா, மண்டைக்காட்டு வெடி, நேர்ச்சை என்று விளக்க எனக்கு அரை நிமிஷம் பிடித்தது. பிறகு போன் மகளின் கைக்குப் போனது.

"வேண்டாம்ப்பா" என்றாள். "போதும். நிறுத்தச் சொல்லுங்கப்பா."

மனைவி எழுந்து சேலை மணலைக்கூடத் தட்டாமல் வெடிக்காரரிடம் நடந்தாள். மீதி ஐந்து வேண்டாம் என்றாள்.

"அம்மனுக்கு நேந்தத குறைக்கப்படாதுக்கா."

"நேந்தது எனக்க பிள்ளைக்காக்கும். அவ போதும்னு சொல்லிட்டா."

"குழாயில மருந்து நிறைச்சாச்சே. நிறைச்சத என்ன செய்ய? போட்டுத்தானே ஆகணும்?"

அவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த சாதாரண மனிதர், எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யாதவர். ஒரு மாதமாக டிவியிடம் கத்தியதையெல்லாம் அவர் தலையில் கொட்டினேன். "இதத்தானவே அவனுவளும் சொல்லுகானுவ! நிறைச்சாச்சாம், அதனால போடுகானுவளாம்! நிறைச்சது யாரு? நான் சொன்னனா?" நான் எவனுவளைச் சொல்கிறேன் என்று பாவம் அவருக்குத் தெரியாது. என் முகத்தையும் மனைவியின் முகத்தையும் பார்த்தார். பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரை எடுத்து ஐந்து குழாயிலும் ஒவ்வொன்றாக ஊற்றினார். "அம்மன் பாத்துக்கிடுவா, நீங்க போங்க" என்றார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்காததுபோல் குழாய்களைக் கவிழ்த்து வைத்தார்.

முப்பத்தைந்தாவது வாரத்தில் ஒன்றிரண்டு விமானங்கள் ஓடின. மருமகனுக்கு லீவு கிடைக்கவில்லை, மகள் தனியாகத் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினாள். மனைவி முதலில் வயிற்றைத் தடவினாள், பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். வரும் வழியெல்லாம் மகள் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டுதான் வந்தாள். சத்தம் மட்டுந்தான்ப்பா என்று அப்போதும் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் டிவியில் இரண்டு தலைவர்களும் வந்தார்கள். யுத்தம் நின்றுவிட்டதாம். விரலை நீட்டுகிறவர் தான் வென்றதாகச் சொன்னார். மேசையைக் குத்துகிறவரும் தான்தான் வென்றதாகச் சொன்னார். "ஏட்டி, ரெண்டு பேரும் ஜெயிச்சிட்டானுவளாம்!" என்று கத்திக்கொண்டு உள்ளே போனேன். மனைவி சாப்பாட்டு மேசையருகே நின்று, சத்தம் போடாதே என்று கையைக் காட்டினாள். பிறகு கீழே காட்டினாள்.

மேசைக்கு அடியில், வெறும் தரையில், மகள் ஒருக்களித்து உறங்கிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் செருப்பும், பாஸ்போர்ட் வைத்த கைப்பையும், ஒரு பாட்டில் தண்ணீரும் ஒழுங்காக இருந்தன. அங்கே எத்தனை நாள் அப்படிப் படுத்திருந்தால் இவ்வளவு ஒழுங்கு வரும் என்று நினைத்தேன்.

"கட்டில்ல போய்ப் படுன்னு எழுப்பினேன்" என்றாள் மனைவி மெதுவாக. "இங்கதாம்மா ஒறக்கம் வருதுன்னு திரும்பிப் படுத்துட்டா."

போய் டிவியை அணைத்துவிட்டு, கட்டிலிலிருந்து மெத்தையை இழுத்துக்கொண்டு வந்தேன். மேசைக் கால்களுக்கு இடையில் அது நுழையவில்லை. நான் மேசையின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்தேன். மனைவி முட்டுக்குத்தி, மகளை மெல்ல உருட்டி, மெத்தையை அடியில் தள்ளினாள். பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நாள்வரை நாங்கள் இரண்டு பேரும் அடுக்களைத் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம்.