ஒன்பது மணிக்கு வந்தவர்

பேய், பிசாசு, குறி, ஜோசியம் எதிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. பம்பாய் தாராவியில், மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் பத்துப் பேர் படுக்கும் அறையில் வளர்ந்தவன் நான். பேய் வந்தாலும் அங்கே கால் நீட்ட இடம் கிடைக்காது. எட்டாவதோடு படிப்பை விட்டு லாரி கிளீனர், தோல் பட்டறை, டெலிவரி என்று திரிந்த காலத்தில் சுடுகாட்டு ஓரத்தில்கூடப் படுத்திருக்கிறேன். கொசுவைத் தவிர எதுவும் வரவில்லை. அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். வேறொருவன் சொன்னால் நானே நம்ப மாட்டேன்.

என் கூட்டாளி இசக்கிக்கு முப்பத்தேழு வயதில் ஒருவழியாகப் பெண் அமைந்தது. அம்பாசமுத்திரம் பக்கம். ஞாயிறு காலை பத்தரைக்கு நிச்சயம். முன்பு வந்த ஒரு பம்பாய் வரன் தன் தம்பியின் போட்டோவைக் காட்டி ஏமாற்றியிருக்கிறான் என்பதால், மாப்பிள்ளை நேரில் வந்து உட்கார்ந்தால்தான் தட்டு மாற்றுவோம் என்று பெண்ணின் தாய்மாமன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இசக்கியின் அப்பா அம்மா ரயிலில் முன்னாலேயே போய்விட்டார்கள். இவனுக்கு லீவு கிடைத்தபோது டிக்கெட் இல்லை. "பைக்ல போயிரலாம்டே, ரோடெல்லாம் எனக்கு மனப்பாடம்" என்று சொன்னது நான்தான். நிச்சயம் நின்றுபோனால் அவனுக்கு வாழ்க்கை போச்சு, எனக்குத் தாராவியில் முகம் போச்சு.

வியாழன் விடியலில் கிளம்பினோம். வண்டி பத்து வருஷப் பழசு. சத்தாரா தாண்டி ஒரு பள்ளத்தில் ஹேண்டிலில் மாட்டியிருந்த என் போன் பறந்து, பின்னால் வந்த டிரக்குக்கு அடியில் போனது. ஹூப்ளி மழையில் இசக்கியின் போன் தண்ணீர் குடித்துச் செத்தது. யாருடைய நம்பரும் எங்களுக்குத் தெரியாது. அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் கேஸ் சிலிண்டர் புக் பண்ணுகிற நம்பர். சித்ரதுர்கா பக்கம் செயின் அறுந்து ஆறு கிலோமீட்டர் தள்ளினோம். ஞாயிறு காலை மதுரைக்குள் நுழையும்போதே கிளட்ச் கேபிள் போய்விட்டது. கடை திறந்து மெக்கானிக் கை வைத்தபோது மணி ஒன்பது. நாங்கள் எதிரே இட்லி தின்றுகொண்டிருந்தோம்.

"பத்தரைக்கு எப்படிலே போவோம்?"

"ஊர்ல எந்த நிச்சயம் சொன்ன நேரத்துக்கு நடந்திருக்கு? டென்ஷன் நை லேனேகா, பதறாதடே."

"உனக்கென்னடே. எனக்கு இதுதான் கடைசி பஸ்."

நேரே போய் உட்கார்ந்துவிடலாம் என்று நிச்சயத்துக்கு வைத்திருந்த வெள்ளைச் சட்டையை அங்கேயே மாட்டிக்கொண்டான். பதினொன்றரைக்குக் கோவில்பட்டியை நெருங்கும்போது ஒரு நாய் குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன், வண்டி வழுக்கியது. நான் புல்லில் விழுந்தேன், சிராய்ப்புகூட இல்லை. பின்னால் இருந்தவன், விலை போகாமல் யாரோ ரோட்டோரம் கொட்டியிருந்த தக்காளிக் குவியலுக்குள் போய்விட்டான். எழுந்து நின்றபோது கொத்தமல்லி தூவினால் ரசம் என்று சொல்லலாம். "சிரிச்சன்னா இங்கயே கொன்னு போடுவேன்லே" என்றான், ஆனால் கண்ணில் தண்ணீர். எனக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. கோணிய ஹேண்டிலை நிமிர்த்தவே இரண்டு மணி நேரம் ஆனது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு பத்து. நாலரைக்கு ராகு காலம். பந்தலைப் பிரித்திருப்பார்கள், தாய்மாமன் செருப்போடு நிற்பார் என்று நினைத்தேன். எல்லோரும் நாற்காலியில் விசிறிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். தாய்மாமன் எழுந்து வந்து, "வாங்க மாப்ள, சொன்ன மாதிரியே நாலு மணிக்கு வந்துட்டிய. மேல தண்ணிய ஊத்திட்டு வாங்க, புதுச் சட்டை இருக்கு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி இடது கையையே பார்த்தார்.

"ஏன் தம்பி, கட்டுப் போடாமலா வந்தீரு?"

நாலு இருபத்தெட்டுக்குத் தட்டு மாறியது. சட்டை இசக்கிக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. அதற்குப் பிறகுதான் என்னால் கேட்க முடிந்தது.

யாரோ ஒருவர் பைக்கில் வந்திருக்கிறார். மாப்பிள்ளை தக்காளியில் விழுந்துவிட்டார், நாற்பத்திரண்டு சைஸில் ஒரு வெள்ளைச் சட்டை எடுத்து வையுங்கள், நாலு மணிக்கு வந்துவிடுவார்கள், வண்டி ஓட்டியவருக்குக் கை முறிந்துவிட்டது என்றாராம். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனாராம். ஹெல்மெட்டோடு எப்படிக் குடித்தார் என்று கேட்டேன். யாரும் கவனிக்கவில்லை.

"நம்ம கேம்ப்புப் பையன்னுதான் நெனச்சேன்" என்றார் இசக்கியின் அப்பா. "ஹிந்தி கலந்துல்ல பேசுனான்."

"எப்ப வந்தாரு மாமா?"

"ஒம்பது இருக்கும். போட்டோ புடிக்கவரு அப்பதான் வந்து எறங்குனாரு."

ஒன்பது மணிக்கு நான் மதுரையில் இரண்டாவது தட்டு இட்லிக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நாய் எங்களைப் பார்த்தே இருக்காது. அங்கே பார்த்த கடிகாரம் தப்பாக இருக்கும் என்று சட்டைப் பையைத் துழாவி இட்லிக் கடை ரசீதை எடுத்துப் பார்த்தேன். அச்சடித்த நேரம் 9.47.

இதையெல்லாம் யோசிக்க விடாமல் ஒரு பெரியவர் என் கையைப் பிடித்தார். எலும்பு முறிவு வைத்தியர். மத்தியானத்திலிருந்து மூங்கில் பத்தை, முட்டை, துணியோடு எனக்காகக் காத்திருக்கிறார்.

"வலிக்கா?"

"இல்ல அண்ணாச்சி."

"இங்க?"

"இல்ல."

"அப்ப எதுக்குவே என்னைய வரச் சொன்னிய? ரெண்டு கேஸ விட்டுட்டு வந்திருக்கேன்."

தாய்மாமன் விடவில்லை. "நல்லா அமுக்கிப் பாரும் வைத்தியரே. அவரு தெளிவாச் சொன்னாரு. இடது கை, மணிக்கட்டுக்கு மேல, ரெண்டு எலும்பும்னு."

சொன்னதில் மற்றதெல்லாம் சரியாக இருந்ததால் அவர் என் கையைத்தான் சந்தேகப்பட்டார். வைத்தியர் போகும்போது, புது போன் வாங்கியதும் கூப்பிடச் சொல்லித் தன் நம்பரைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

இரண்டு வருஷம் ஆகிறது. இசக்கிக்கு ஒரு பெண் குழந்தை, நடக்கிறாள். நான் இப்போது மான்குர்த்தில் இருக்கிறேன், அதே வண்டிதான் ஓட்டுகிறேன். லோக்கல் டிரெயினில் வலது கையால் மட்டும் தொங்குகிறேன். ஒரு மூட்டைகூட இடது கையில் தூக்குவதில்லை. நாலைந்து மாதத்துக்கு ஒரு முறை வைத்தியர் போன் பண்ணுவார்.

"என்னவே, முறிஞ்சிட்டா?"

"இன்னும் இல்ல அண்ணாச்சி."

"சரி, அவசரமில்ல" என்று வைத்துவிடுவார்.