இரண்டு கட்சிக்கு ஒரு புள்ளடி

கோலியர்ஸ் வுட்டில் வாக்குரிமை கிடைத்த நாளிலிருந்து நான் ஒரு சின்னக் கட்சிக்குத்தான் வாக்குச்சீட்டில் X என்று புள்ளடி போட்டு வந்தேன். அது ஒருமுறையும் வென்றதில்லை. என் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டபோது, அந்தக் கட்சிக்காரப் பெண்மணி ஒருவர்தான் தன் சமையலறை மேசையில் என்னை இருத்தி, கடிதம் கடிதமாக எழுதித் தந்தார். அதை எப்படி மறப்பது? பெரிய கட்சிக்காரரான என் கணவரோ, தேர்தலுக்குத் தேர்தல் என் வாக்கு வீண் என்று சொல்லிச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன கவுன்சில் இடைத்தேர்தலில் இரண்டு கட்சிகளும் சேர்ந்து ஒரே வேட்பாளரை நிறுத்தின. பக்கத்துத் தெருத் தமிழ்த் தாதி. வாக்குச்சீட்டில் அவர் பெயருக்குக் கீழே இரண்டு கட்சிகளின் பெயர்களும் இருந்தன. முதல்முறையாக என் வாக்கும் வெல்லப்போகிறது. ஆனால் பென்சிலை எடுத்ததும், அது பெரிய கட்சியின் வாக்காகிவிடுமே என்று மனம் கேட்கவில்லை. ஓரத்துக் கட்டத்தை விட்டுவிட்டு, சின்னக் கட்சியின் பெயர்மேலேயே பெரிதாக ஒரு புள்ளடி போட்டேன்.

வெளியே வந்து பெருமையாகச் சொன்னபோது கணவர் தலையில் கை வைத்தார். கட்டத்துக்குள் போடாதது செல்லாது என்றார். வெல்லக்கூடிய ஒரே வாக்கை நானே கெடுத்துவிட்டேன் என்று வீடு வரும்வரை அழுதேன்.

தாதி வென்றார். மறுவாரம் நன்றி சொல்ல வீட்டுக்கு வந்தார். எண்ணும்போது கட்டத்துக்கு வெளியே, சின்னக் கட்சியின் பெயர்மேல் புள்ளடி போட்ட ஒரு சீட்டைத் தனியே வைத்தார்களாம். யாருக்குப் போட்டது என்பது தெளிவாக இருந்ததால் சேர்த்துக்கொண்டார்களாம். அந்த அதிகாரிகளுக்கு மனதுக்குள் கோடி நன்றி சொன்னேன். அமெரிக்காவில் சில இடங்களில் ஒரே வேட்பாளருக்குக் கட்சிக்கொரு கட்டம் இருக்கிறது, எந்தக் கட்சியின் பேரில் என்று பார்த்தே போடலாம் என்றும் தாதி சொன்னார்.

"இங்கை எது எந்தக் கட்சியின்ரை வாக்கெண்டு எனக்குத் தெரியாது அக்கா. அந்த ஒரு சீட்டுத்தான் தெரியும். அந்தச் சின்னக் கட்சி ஆக்களை இனி நான் மறக்கேலாது."

வாக்கு இரகசியம் என்று நான் வாயே திறக்கவில்லை. கணவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அது என்ரை மனுசி போட்டது," என்றார்.