கடைசி அத்தியாயம் அவளிடம் இருந்தது

பேருந்துப் பணிமனையில், பழைய டயர்களை அடுக்கி வைத்திருக்கும் கொட்டகைக்குப் பின்னால் ஒரு நீளமான அறை. வாசலில் ‘தவறவிட்ட பொருட்கள்’ என்று பலகை. அதற்குள் இருபத்தொன்பது வருஷம் உட்கார்ந்திருந்தவரைப் பணிமனை முழுக்க ‘துப்பு சார்’ என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பேர் இருந்திருக்கும். அதைச் சம்பளம் போடுகிறவர் தவிர யாரும் வாயால் சொன்னதில்லை.

குடை, டிபன் டப்பா, மூக்குக்கண்ணாடி, ஒரு தடவை பொய்ப்பல் செட். ஒற்றைச் செருப்பு வந்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்காமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இவரு எறங்கல, எறக்கி விட்டிருக்காங்க” என்பார். மறுநாள் செருப்பைத் தேடி வந்தவர், டிக்கெட் தகராறில் கண்டக்டர் தள்ளிவிட்டதைத் தானே ஒப்புக்கொள்வார். யாராக இருந்தாலும் உள்ளே என்னென்ன இருந்தது என்று வாயால் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால்தான் பொருள் கை மாறும். ஆறு மாதத்தில் யாரும் வராவிட்டால் அது ஏலத்துக்குப் போய்விடும். அந்த விதியில் துப்பு சார் தன் மேலாளருக்குக்கூட விட்டுக்கொடுத்ததில்லை. மேலாளர் பேருந்தில் விட்டுப்போன மழைக்கோட்டையே கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்.

துப்பறியும் நாவல் பைத்தியமும் அவருக்கு இந்த அறையில்தான் பிடித்தது. கல்யாணமான புதிதில், பேருந்தில் யாரோ விட்டுப்போன ஒரு நாவல் ஆறு மாதம் கேட்பாரற்றுக் கிடந்தது. ஏலத்தில் எடுத்துப் போய் அவரும் மனைவியும் மாற்றி மாற்றிப் படித்தார்கள். கடைசிப் பதினைந்து பக்கம் இல்லை! கொன்றது யார் என்று ஒரு வாரம் சண்டை. அவர் தோட்டக்காரன் என்றார், அவள் டாக்டர் என்றாள். பொறுக்க முடியாமல் அவர் ஒரு வார இதழுக்கு எழுதிக் கேட்டார், தன் பக்க நியாயத்தை மூன்று தாளுக்கு விளக்கி. இதழாசிரியர், “கொன்றது டாக்டர்தான். ஆனால் உங்கள் தப்பான வாதம் நாவலைவிட நன்றாக இருக்கிறது. எங்களுக்கு மதிப்புரை எழுதுகிறீர்களா?” என்று பதில் போட்டார்.

அன்றிலிருந்து அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம். புதுப் புத்தகம் வந்தால் முதலில் அவள் கைக்குப் போகும். அவள் சவர பிளேடால் கடைசி அத்தியாயத்தை நூல் பிடித்த மாதிரி வெட்டி எடுத்து, படித்துவிட்டு, சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்த பிஸ்கட் டப்பாவில் வைத்து மூடிவிடுவாள். மிச்சத்தை அவர் படிப்பார். படித்து முடித்து, கொலையாளி யார் என்று எழுதி உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தால்தான் டப்பா திறக்கும். உறை அவள் கைக்கு, அத்தியாயம் இவர் கைக்கு. தோற்றவர் தேநீர் போட வேண்டும்.

அந்த நாட்களின் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! இருபதாம் பக்கத்தில் சும்மா வந்துபோன கைக்குட்டையை நூற்றெண்பதாம் பக்கத்தில் நினைத்துக்கொண்டு அவர் துள்ளி எழுவார். எல்லோருக்கும் அன்பாகப் பரிமாறுகிற அத்தையைக் கண்டால் உடனே சந்தேகப்படுவார். “ரொம்ப நல்லவங்களா இருக்காங்களே, இது சரியில்லையே” என்று முனகுவார். மதிப்புரை எழுதும்போது அதைவிடச் சிரமமான வேலை, முடிச்சை அவிழ்க்காமல் முடிச்சின் அழகைச் சொல்வது. ஒரு வரியை நாலு தடவை அடித்து எழுதுவார். முடிவைச் சொல்கிறவன் திருடனைவிடக் கேவலம் என்பது அவர் கட்சி. அந்தப் பத்தியைப் படிக்கவே இதழ் வாங்குகிறோம் என்று எழுதியவர்கள் உண்டு.

நடுநடுவே அவர் அவள் முகத்தைப் பார்ப்பார். அவளுக்குத்தான் முடிவு தெரியுமே. “அந்த மேனேஜரா?” என்று கேட்டுவிட்டு அவள் புருவத்தைக் கவனிப்பார். அவள் கல் மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அந்த முகத்திலிருந்து அவரால் ஒன்றையும் பிடுங்க முடியவில்லை. அதைப் பெருமையாகவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார், பாவம்.

போன வருஷத் தொடக்கத்தில், மலை விடுதியில் பதினோரு பேர் மாட்டிக்கொள்கிற ஒரு தடித்த நாவல் வந்தது. அவர் கட்டிலில் சாய்ந்து பாதிக்கு வந்திருந்தார். அவள் கதவருகே வந்து நின்றாள்.

“என்னங்க, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்.”

“வாயைத் திறக்காதே!” என்று இவர் காதைப் பொத்திக்கொண்டார். “இந்தப் புஸ்தகத்தைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னே, அப்புறம் பேச்சே இல்ல.”

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அது புத்தகத்தைப் பற்றிய பேச்சே இல்லை.

நாலு நாள் கழித்து ஒரு கண்டக்டர் சாம்பல் நிறத் துணிப்பை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். “பெரிய ஆஸ்பத்திரி வண்டியில கெடந்துச்சு. பேர், விலாசம் ஒண்ணுமில்ல. துப்பு சார், சொல்லுங்க பார்ப்போம், யாரோடது?” மேலாளரும் தேநீர்க் கோப்பையோடு எட்டிப் பார்த்தார். பார்க்க ஆள் இருந்தால் இவருக்குக் கொண்டாட்டம்தான். பையை மேசைமேல் வைத்து ஒவ்வொன்றாக எடுத்தார்.

“பை புதுசு. இதுக்குன்னே வாங்கினது. பஸ் டிக்கெட் ஆறு, எல்லாம் செவ்வாய்க்கிழமை. மாத்திரை அட்டை, இது சாதாரண தலைவலிக்குப் போடறதில்ல. ஆஸ்பத்திரிச் சீட்டுல பேர் இருக்கிற பக்கத்தைக் கிழிச்சிருக்காங்க, நம்பர் மட்டும்தான் இருக்கு. இந்தத் துண்டைப் பாருங்க. அங்கயே குழாய்ல அலசி, பிழிஞ்சு, காய வச்சு எடுத்திருக்காங்க. வாந்தி எடுத்தது வீட்டுக்குத் தெரியக் கூடாது.” ஒரு நிமிஷம் நிறுத்தினார், சுவைக்காக. “அம்பது தாண்டின அம்மா. உடம்புக்குப் பெரிய சீக்கு. வீட்ல புருஷன் இருக்கான். ஆனா சரியான மண்ணாந்தை. கண் முன்னாடி நடக்கிறது தெரியாத ஜென்மம்.”

கண்டக்டர் கைதட்டினார். பையின் அடியில் செய்தித்தாளில் சுற்றிய ஏதோ ஒன்று பாக்கி இருந்தது. துப்பு சார் அதைப் பிரித்தார். பிளேடால் வெட்டிய பதினெட்டுப் பக்கங்கள். மேலே, ‘மலை விடுதியில் விடிந்தபோது’ என்று அத்தியாயத் தலைப்பு. எப்போதும் நேராக இருக்கும் வெட்டு ஓரம் இந்த முறை கோணல்மாணலாக இருந்தது.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழுநீர்ப் பானையில் துள்ளி. அவர் பக்கங்களை மறுபடி சுற்றி, பையில் வைத்து, பதிவேட்டில் எண் போட்டார். “யாரோடதுன்னு தெரியல” என்றார். அந்த அறையில் அவர் சொன்ன முதல் பொய் அது.

வீட்டில் அவள் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தாள். “கடைசி அத்தியாயத்தை எங்கயோ வச்சுத் தொலைச்சிட்டேங்க.”

“கெடைக்கும். நான்தான் இன்னும் படிச்சு முடிக்கலையே, என்ன அவசரம்?”

அப்போதே சொல்லியிருக்கலாம். பையைக் கண்டேன், எனக்குத் தெரியும், வா சேர்ந்து போவோம் என்று மூன்று வாக்கியம். அவள் மறைக்கிறாள் என்றால் மறைக்க வேண்டும் என்றுதானே நினைக்கிறாள், அதை உடைக்க நமக்கு என்ன உரிமை என்று இந்த மனுஷர் யோசித்தார். முடிவைச் சொல்லக் கூடாது என்று இத்தனை வருஷம் ஓதி ஓதி, சொல்ல வேண்டிய இடத்திலும் வாய் அடைத்துப் போயிற்று. ஆனால் அவளைத் தனியாக விடவும் மனசு வரவில்லை. செவ்வாய்தோறும் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். அவள் ஏறுகிற பேருந்தில் பின்வாசல் வழியாக ஏறி, நாலு வரிசை தள்ளி, செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியில் தூணுக்குப் பின்னால் நின்றார். அவள் முதுகையும், மெலிந்துபோன கழுத்தையும், குழாயடியில் குனிந்து துண்டை அலசுவதையும் பார்த்தார். ஓடிப்போய் நெற்றியைப் பிடித்துக்கொள்ளலாம், இருபதடிகூட இல்லை. அவர் நகரவில்லை. இப்படிப் பதினோரு செவ்வாய்கள்.

புத்தகத்தையும் அவர் முடிக்கவில்லை. ஒரு நாளுக்கு ஒரு பக்கம், அரைப் பக்கம். முடித்தால் உறை கொடுக்க வேண்டும், உறை கொடுத்தால் தொலைந்த அத்தியாயத்துக்காக அவள் மறுபடி அலைவாள். இதழிலிருந்து இரண்டு தடவை நினைவூட்டினார்கள்.

பதினோராவது செவ்வாய் சாயங்காலம் அவள் கட்டிலில் படுத்தபடியே கேட்டாள்.

“முந்நூறு பக்கப் புஸ்தகத்தை மூணு மாசமாப் படிக்கிறீங்களே. பை உங்க ஆபீசுக்குத்தான் வந்துச்சா?”

அவர் கையிலிருந்த புத்தகம் நழுவியது. “ம்” என்றார்.

“நெனச்சேன். பின்வாசல்ல நீங்க ஏறுற செருப்புச் சத்தம் எனக்குத் தெரியாதா?”

“எப்பலேர்ந்து தெரியும்?”

“முதல் தடவையே.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“நீங்களா வருவீங்கன்னு பார்த்தேன்.” சற்று மூச்சு வாங்கிக்கொண்டாள். “பக்கத்து சீட்டு காலியாத்தாங்க இருந்துச்சு. வேற ஒரு பைய வச்சு யாரும் உக்காராமப் பார்த்துக்கிட்டேன். வந்து உக்கார்ந்திருக்கலாம்ல?”

அவர் அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்க்காத அழுகை. அவள் அவர் தலையைத் தடவி, “போதும், போதும், எந்த நாவல்லயும் துப்பறிவாளர் இப்படி அழ மாட்டார்” என்றாள். பையை எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று அவர் கேட்டதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. “விதின்னா விதி. நானே வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கிறேன். உங்க ஆபீசை நான் பார்த்ததே இல்லையே” என்றாள்.

அதன்பிறகு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனது மூன்று செவ்வாய்கள். ஜன்னலோரம் அவள், அவள் கையைப் பிடித்தபடி இவர். நாலாவது செவ்வாய்க்கு அவளால் படியிறங்க முடியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டாள். அவர் ஆபீசை அவள் பார்க்கவேயில்லை.

பதிவேட்டில் அந்தப் பைக்கு எதிரே கையெழுத்துக் கட்டம் காலியாகவே இருந்தது. ஆறு மாதம் முடிகிற அன்று துப்பு சார் தன் நாற்காலியிலிருந்து எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, கேட்டு வருகிறவர்கள் நிற்கிற பக்கம் நின்றார். மேலாளரை உட்காரச் சொன்னார்.

“சார், நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க, உங்களைப் போய் யார் கேக்கப் போறாங்க?”

“கேளுங்க. எல்லாரையும் கேக்கிற மாதிரி.”

மேலாளர் உட்கார்ந்து பதிவேட்டைப் பிரித்தார். “யாரோட பை?”

“என் சம்சாரத்தோடது.”

“உள்ள என்ன இருக்கு?”

“டிக்கெட் ஆறு. மாத்திரை. பேர் கிழிச்ச சீட்டு. ஒரு துண்டு. ஒரு நாவலோட கடைசி அத்தியாயம், பதினெட்டுப் பக்கம்.”

“அதுல என்ன எழுதியிருக்கு?”

“தெரியாது. அவதான் படிச்சா.”

கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்குப் போய், மீதமிருந்த நாற்பது பக்கங்களையும் ஒரே மூச்சில் படித்தார். கொலையாளி யார் என்று அவருக்குப் பட்டது. ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, எச்சில் தொட்டு ஒட்டி, வழக்கம்போல அடுக்களைக்குப் போனார். ஒரு கையில் உறை, ஒரு கையில் அத்தியாயம். மாற்றிக்கொள்ள எதிரே ஆள் இல்லை என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் அவருக்கு உறைத்தது. பிறகு இரண்டையும் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினார். தோற்றவர்தான் தேநீர் போட வேண்டும். அடுப்பைப் பற்றவைத்தார்.