என்னைக் குடிக்க வைத்த டீ

உடைந்த கணுக்காலில் தகடு வைத்த இடம் சீழ் பிடித்துவிட்டதால், தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் மறுபடி சேர்ந்தேன். காலைத் திறந்து கழுவ வேண்டும் என்றார்கள். ஆனால் இருந்தது ஒரே ஆபரேஷன் தியேட்டர். அவசர கேஸ் வந்தால் மற்றவர்களின் முறை தள்ளிப்போகும். எப்போது கூப்பிட்டாலும் மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்பதால் தினமும் வெறும் வயிற்றோடு காத்துக் கிடக்க வேண்டும்.

பக்கத்துக் கட்டிலில் புதுப்பட்டினத்து மீனவர் ஒருவர். அவருக்கும் அதே கணுக்கால், அதே சீழ். வாயைத் திறந்தால் வார்டே சிரிக்கும். அவரோடு பேசிப் பேசித்தான் நான் வலியை மறந்தேன்.

ஒரு காலை அவரே வார்டு பையனை டீ வாங்கிவரச் சொல்லி, டம்ளரை என்னிடம் நீட்டினார்.

"குடி மச்சான். இன்னிக்கு தியேட்டர் கெடையாதாம், விசாரிச்சிட்டேன்."

"நீ குடிக்கல?"

"எனுக்கு வாயே கசக்குது."

நம்பிக் குடித்தேன். டம்ளரைக் கீழே வைப்பதற்குள் நர்ஸ் வந்தார். தியேட்டரில் இன்று ஒரே ஒருவருக்குத்தான் நேரம் இருக்கிறது, வரிசைப்படி முதலில் நான்தான் என்றவர், "காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று என்னைக் கேட்டார்.

மீனவர் முந்திக்கொண்டார். "அவரு டீ குடிச்சிட்டாரு சிஸ்டர். நான் பட்டினிதான்."

அவரை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிப் போனார்கள். என் முறை அடுத்து வருவதற்குள் சீழ் எலும்புக்கு இறங்கிவிட்டது. இன்றுவரை அந்தக் கணுக்கால் மடங்குவதில்லை.

அன்று சாயங்காலம் அவருக்கு மயக்கம் தெளிந்ததும், "முறையை என்கிட்டயே கேட்டிருக்கலாமே?" என்றேன்.

"கேட்டா குடுத்திருப்பியா மச்சான்?" என்று சிரித்தார். வார்டும் கூடச் சேர்ந்து சிரித்தது.

கொடுத்திருப்பேன்.