டீச்சர் வாய்மூடிய காலை

ஆய்வு என்றால் பிள்ளைகளைத்தான் ஆராய்வார்கள் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். அகப்படப் போவது நான் என்று தெரிந்திருந்தால் அந்தக் கிழமை முழுக்கக் காய்ச்சல் என்று படுத்திருப்பேன்.

சண்டிலிப்பாயில் தோட்டக் காணிகளுக்கு நடுவே இருக்கிறது எங்கள் முன்பள்ளி. இருபது பிள்ளைகள், ஒரே டீச்சர், அது நான். சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாகக் கற்பிப்பது எப்படி என்று ஆராய கொக்குவிலில் இருந்து ஒரு பெண் ஸ்கூட்டியில் வந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், என் மகளின் வயதுதான் இருக்கும். அவளுக்காக நான் நல்ல சேலை கட்டி, சுவரில் புதுப் படங்கள் ஒட்டி, இருபது மூக்கையும் துடைத்து வைத்திருந்தேன். அவளோ சேலையையும் பார்க்கவில்லை, படங்களையும் பார்க்கவில்லை. போனில் ஒலிப்பதிவைத் தொடக்கி மேசையில் வைத்துவிட்டு மூலையில் போய் இருந்தாள்.

பாடம் அமர்க்களமாகப் போனது. "பசு பால் த..." என்று நான் இழுத்தால் "ரும்!" என்று கூரை அதிரும். "சூரியன் கிழக்கே உதிக்..." என்றால் "கும்!" டீச்சர் தலையைச் சொல்ல, பிள்ளைகள் வாலைச் சொல்வார்கள். நானும் இப்படித்தான் படித்தேன், எனக்குப் படிப்பித்தவரும் இப்படித்தான் படித்திருப்பார்.

அடுத்த நாள் அவள் பதிவைப் போட்டுக் காட்டினாள். கோயில் லவுட்ஸ்பீக்கர் மாதிரி ஒரே குரல், என்னுடையது. இருபது பிள்ளைகளும் காலை முழுக்கச் சேர்ந்து சொன்னது சில "ரும்", சில "கும்". கேள்வியைக் கேட்டதும் நான், பதிலைச் சொன்னதும் நான், "கெட்டிக்காரர்!" என்று பாராட்டியதும் நான்.

"டீச்சர், கோவிக்காதேங்கோ," என்றாள். "ஒரு கேள்வி கேட்டிட்டு, ஐஞ்சு விரலையும் ஒவ்வொண்டா மடக்கும் மட்டும் ஒண்டும் கதையாமல் இருந்து பாருங்கோவன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேற்று முளைத்தது எனக்கு வாய் மூடப் படிப்பிக்கிறது! ஆனாலும் ஓம் என்றேன். அந்தப் பதிவை வேறு யாருக்கும் போட்டுக் காட்டிவிடுவாளோ என்ற பயம்தான்.

என் வகுப்பில் வாலைக்கூடச் சொல்லாத பெண்பிள்ளை ஒருத்தி இருந்தாள். வருகிற தையில் முதலாம் வகுப்புக்குப் போக வேண்டியவள். அவளுக்குப் பேச்சில் ஏதோ குறை என்று நானே முடிவுகட்டி, அதற்கு முந்தின கிழமைதான் தாயைக் கூப்பிட்டு, ஆசுப்பத்திரியில் காட்டச் சொல்லி ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்திருந்தேன். வெங்காயத் தோட்டத்திலிருந்து அப்படியே ஓடிவந்த மனுசி, மண் கையோடு அதை வாங்கிக்கொண்டு கண்கலங்கிப் போனாள். பெரிய உபகாரம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு.

அடுத்த நாள் பாடத்தில், "கோழி ஏன் மண்ணைக் கிளறுது?" என்று கேட்டேன். முதல் விரலை மடக்கினேன். பிள்ளைகள் வழக்கமான பாதிச் சொல்லுக்காக என் வாயையே பார்த்தார்கள். இரண்டாவது விரல். மூன்றாவது விரலில் எனக்கு வேர்த்தது.

"டீச்சர், மறந்திட்டியளோ?" என்று முன்வரிசையில் ஒருவன் கவலையோடு கேட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு நான்காவதையும் மடக்கினேன். ஐந்தாவது விரல் பாதி மடங்கியிருக்கும்.

"குஞ்சுக்குச் சாப்பாடு தேடுது," என்றாள் அந்தப் பிள்ளை. "எங்கடை கோழியும் அப்பிடித்தான். கத்தரிக்கண்டைக் கிளறினால் அம்மா தடியோடை கலைப்பா. அது மதிலிலை ஏறி நிண்டு அம்மாவைப் பார்க்கும்."

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவே இல்லை. குறை அவளிடம் இல்லை. அவள் வாய் திறக்க எடுக்கும் நேரத்துக்குள் நான் இரண்டு கேள்வியை முடித்துவிடுவேன், அவ்வளவுதான். மூலையில் இருந்தவள் கொப்பியில் மும்முரமாக எழுதினாள். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது.

மத்தியானம் தாய் வந்ததும் வாசலுக்கு ஓடினேன். "உங்கடை பிள்ளை இண்டைக்குக் கதைச்சிட்டாள்!"

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "அவள் வீட்டிலை வாய் ஓயமாட்டாள், டீச்சர். அண்டைக்கே சொல்ல வந்தனான். நீங்கள் என்னைக் கதைக்க விடேல்லை."

என்னையறியாமல் முதல் விரலை மடக்கினேன்.

"ஒரு கிழமையா நான் நித்திரை கொள்ளேல்லை," என்றாள்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்றேன்.