மரத்தைக் கட்டிக்கொண்ட ஹால்டிஸ்

பனிமலை ஊரான ஆல்வ்தாலில் இறக்கம் வந்தால் பனிச்சறுக்குக்கட்டைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்து இறங்கும் ஒரே ஆள் ஹால்டிஸ்தான். சிறுமியாக இருந்தபோது பள்ளிக்கூடச் சரிவில் உருண்டு கால் எலும்பை முறித்துக்கொண்டாள். அன்று பிடித்த பயம் ஐம்பது தாண்டியும் விடவில்லை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் அவளோடு மீன் உருண்டை பிடிக்கும் பெண்கள், "ஹால்டிஸ் கட்டைக்குக் காத்து காட்டப் போறா" என்பார்கள். அவளும் சிரித்து வைப்பாள்.

அந்தக் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு ஆர்னுல்ஃப், கூரைப் பனியைத் தள்ளும்போது விழுந்து காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்துவிட்டான். தினமும் அவனைச் சறுக்குக்கட்டையில் இழுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடிப் பழகிய நாய் டிங்கா, வீட்டுக்குள் அடைபட்டு ஓயாமல் ஊளையிட்டது.

"ஒரே ஒரு தடவை கூட்டிட்டுப் போ. நீ கட்டையில நின்னா போதும், அவ இழுத்துக்குவா," என்றான் ஆர்னுல்ஃப்.

"நில்லுன்னா நிப்பாளா?"

"அது சொல்ற ஆளைப் பொறுத்தது."

"அப்ப நிக்க மாட்டா."

ஆனாலும் போனாள். ஊளை அவள் தூக்கத்தையும் தின்றுகொண்டிருந்தது. நாயின் கயிறு கோத்த இடுப்புப் பட்டையை அவளுக்கு மாட்டிவிட்டு, அதிலிருந்த சிவப்பு நாடாவைக் காட்டினான் அவன். "இதை இழுத்தா கயிறு கழண்டுடும். ரொம்ப ஆபத்துன்னா மட்டும் இழு."

டிங்கா புறப்பட்ட வேகத்தில் ஹால்டிஸின் தொப்பி வீட்டு வாசலிலேயே தங்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தே போனாள். மரங்கள் இரண்டு பக்கமும் பாய்ந்து வந்தன. "மெதுவா, மெதுவா" என்று அவள் கெஞ்சியதை நாய் உற்சாகமூட்டல் என்று எடுத்துக்கொண்டது போலிருந்தது.

வளைவு திரும்பியதும் தடத்தின் நடுவில் ஒரு எல்க் மான் நின்றது. குதிரையைவிட உயரமான பெட்டை. ஆழப் பனியில் நடந்து களைத்துப்போய்க் கெட்டித் தடத்துக்கு வந்திருந்தது. தடத்தை விட்டு இறங்கும் எண்ணம் அதற்கு இல்லை. காதுகளைப் பின்னால் மடித்தது. பிடரி மயிர் சிலிர்த்தது.

டிங்கா குரைத்துக்கொண்டே இன்னும் வேகமாக இழுத்தது. ஹால்டிஸ் வேண்டுமென்றே பக்கவாட்டில் விழுந்தாள். விழுந்தும் நிற்கவில்லை, பனியில் இழுபட்டாள். கை தன்னால் சிவப்பு நாடாவுக்குப் போனது. இழுத்தால் அவள் தப்பலாம். நாய் நேராக அந்தக் குளம்புகளுக்கு அடியில் போய் விழும். நாடாவை விட்டுவிட்டு ஓரத்திலிருந்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

மான் ஒவ்வோர் அடியாக வந்தது. அவள் கயிற்றைப் பிடித்திழுத்து, நாயை மரத்துக்குப் பின்னால் கொண்டுவந்து, அதன்மேல் கவிழ்ந்து வாயை இறுகப் பொத்தினாள். யாருடைய இதயம் அடிக்கிறது, நாயுடையதா தன்னுடையதா என்று அவளுக்குத் தெரியவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் மான் மூச்சு விட்டது. குளம்பு ஒரு தடவை பனியைத் தட்டியது. கண்ணை மூடிக்கொண்டாள். எவ்வளவு நேரமோ, கிளை முறியும் சத்தம் தூரத்தில் கேட்டபோதுதான் திறந்தாள். மான் போய்விட்டிருந்தது.

வீடுவரை நடந்தே வந்தாள். நடந்ததை ஆர்னுல்ஃபிடம் சொன்னாள்.

"நாடாவை இழுத்திருக்கணும் நீ," என்றான் அவன்.

"இழுத்திருந்தா இப்ப உனக்கு நாய் இல்ல."

"நீ இருந்திருப்ப."

"இப்பவும் இருக்கேன். காப்பி போடு. இல்ல, நீ எங்க எந்திரிக்கப் போற, நானே போடறேன்." கெட்டிலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தாள்.

பயம் தெளிந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அது கூடிவிட்டது, சரிவோடு இப்போது வளைவும் சேர்ந்துகொண்டது. ஆனால் மாவுக்கட்டு பிரிக்கும்வரை டிங்காவைக் கூட்டிப் போனவள் ஹால்டிஸ்தான். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் நாயை நிறுத்தி, கட்டைகளைக் கழற்றி, எட்டிப் பார்த்துவிட்டு வருவாள். டிங்கா உட்கார்ந்து காத்திருக்கும்.